கே-பாப் பாட்டுக்கும் வீடியோவுக்கும் விமர்சகர்கள் சொன்னதைத் தொகுத்து எழுதுவது எப்படி? – முழுமையான வழிகாட்டி

ஒரு கொரியப் பாப் பாட்டைப் பற்றிக் கட்டுரை எழுத உட்காருகிறவர், பாட்டு எப்போது வந்தது, யார் இசை, எத்தனை கோடிப் பேர் பார்த்தார்கள் என்பதையெல்லாம் அரை மணி நேரத்தில் எழுதிவிடுவார். 'விமர்சகர்கள் என்ன சொன்னார்கள்' என்ற பகுதிக்கு வந்ததும் கை நின்றுவிடும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பாடல் விமர்சகர்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றது" என்று ஒரு வரி போட்டு நகர்ந்துவிடுவார். எந்த விமர்சகர்? எப்போது? எதைப் பாராட்டினார்? கேட்டால் பதில் இருக்காது.

இப்படிப்பட்ட வரைவுகளை நிறையத் திருத்தியிருக்கிறேன். நானும் இப்படித்தான் எழுதத் தொடங்கினேன். பெரும்பாலான தப்புகள் மொழியால் வருவதில்லை, வேலையை எந்த வரிசையில் செய்கிறோம் என்பதால் வருகின்றன. அதனால் இந்த வழிகாட்டியில் வரிசைதான் முக்கியம்.

கடைசிவரை ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்கிறேன்: தென்கொரியப் பாடகர் சை பாடிய 'கங்னம் ஸ்டைல்'. வீடியோ எல்லோருக்கும் நினைவில் இருக்கும். அதற்கு வந்த விமர்சனங்களோ ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பயிற்சிக்கு இதைவிட நல்ல பாட்டு கிடைக்காது. ஓரிடத்தில் மட்டும் இன்னொரு பாட்டுக்குப் போவோம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஓர் எக்செல் தாள், அல்லது கட்டம் போட்ட நோட்டு. அதில் ஏழு கட்டங்கள்: எழுதியவர், இதழ், தேதி, பாட்டைப் பற்றியா வீடியோவைப் பற்றியா, அவர் வைக்கும் வாதம் ஒரே வரியில், அதற்குச் சான்றான வாக்கியம் அசல் மொழியில், அந்தக் கருத்து அவருக்கு எங்கிருந்து வந்தது. கடைசிக் கட்டம் எதற்கு என்று இப்போது தோன்றும். ஆறாம் படியில் புரியும்.

அடுத்தது ஹங்குல் எழுத்து. கொரிய மொழி தெரிய வேண்டியதில்லை, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும். அடிப்படை எழுத்துகள் 24தான்: மெய் 14, உயிர் 10. உயிரும் மெய்யும் சேர்ந்து ஓர் அசையாக நிற்பது உயிர்மெய் படித்த நமக்குப் புதிதில்லை. இரண்டு மூன்று மாலைகள் உட்கார்ந்தால் வந்துவிடும். பாடகர் பெயரையும் பாட்டின் பெயரையும் ஹங்குலில் அடையாளம் காணத் தெரியாவிட்டால், கொரிய விமர்சனம் கண்முன் இருந்தாலும் தாண்டிப் போய்விடுவீர்கள்.

மொழிபெயர்ப்புக்கு நேவர் நிறுவனத்தின் பாப்பகோ செயலி. கொரிய மொழிக்கு அதைத்தான் அதிகம் பயன்படுத்துகிறேன். ஆனால் அதை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது, ஏன் என்பது பின்னால் வரும்.

அப்புறம் நேரம். முதல் தடவை செய்யும்போது இரண்டு முழு நாள் ஒதுக்குங்கள்.

1. எந்தப் பாட்டு, எந்த வெளியீடு என்று முடிவு செய்யுங்கள்

அற்பமான படி போலத் தெரியும். புதியவர்கள் முதலில் வழுக்குவது இங்கேதான்.

கொரியாவில் 'டைட்டில் பாட்டு' என்றால் ஆல்பத்தின் பெயரைத் தாங்கிய பாட்டு என்று பொருளில்லை. அந்த ஆல்பத்திலிருந்து விளம்பரத்துக்காக முன்னிறுத்தப்படும் பாட்டு என்றுதான் பொருள். 'கங்னம் ஸ்டைல்' 2012 ஜூலை 15 அன்று, சையின் ஆறாவது ஆல்பத்தின் முதல் பாகத்துக்கான டைட்டில் பாட்டாக வந்தது. எனவே அந்த வாரம் வந்த கொரிய விமர்சனங்களில் சில முழு ஆல்பத்தையும் பற்றியவையாக இருக்கும், நம் பாட்டு அதில் ஒரு பத்தியில் வந்து போகும்.

ஆல்பத்தைப் பற்றிச் சொன்ன தீர்ப்பைப் பாட்டின் தலையில் ஏற்றிவிடாதீர்கள். "ஆல்பம் சுமார், டைட்டில் பாட்டு மட்டும் தேறுகிறது" என்று ஒருவர் எழுதியிருந்தால், அவரை எதிர்ப்பவர் பட்டியலில் போடுவது நியாயமில்லை. பெயர், தேதி, வெளியீட்டு வடிவம் மூன்றையும் நோட்டின் தலைப்பில் எழுதிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

2. எதையும் படிக்காமல் வீடியோவை மூன்று தடவை பாருங்கள்

விமர்சனத்தைப் படித்துவிட்டு வீடியோ பார்த்தால் அந்த விமர்சகரின் கண்ணாலேயே பார்ப்போம். பிறகு அவர் சொல்வது சரியா, மிகையா என்று எடைபோடக் கையில் ஒன்றும் இருக்காது. அதனால் இந்தப் படி எப்போதும் வாசிப்புக்கு முன்னால்.

முதல் தடவை வழக்கம்போல. இரண்டாவது தடவை ஒலியை முழுக்க நிறுத்திவிட்டு. மூன்றாவது தடவை திரையை மூடிவிட்டுப் பாட்டை மட்டும்.

ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தால் 'கங்னம் ஸ்டைல்' வேறு படமாகத் தெரியும். சை கடற்கரையில் சாய்ந்து வெயில் காய்கிறார், பக்கத்தில் ஒரு பெண் விசிறிக்கொண்டிருக்கிறாள். கேமரா விலகியதும் அது குழந்தைகள் விளையாடும் மணல் திடல். அப்புறம் இரு பெண்களோடு கம்பீரமாக நடந்து வருகிறார், எதிர்க்காற்றில் குப்பை முகத்தில் வந்து அடிக்கிறது. ஆட்டம்பாட்டம் நடப்பது ஏதோ சொகுசு விடுதியில் அல்ல, சுற்றுலாப் பேருந்தில். ஓரிடத்தில் கழிப்பறைக் கோப்பையில் உட்கார்ந்து பாடுகிறார். ஒவ்வொரு காட்சியும் முதலில் பணக்காரத் தோரணையைக் காட்டிவிட்டு, அடுத்த நொடியே அதன் காலை வாருகிறது. இதை நீங்களே பார்த்துக் குறித்துவிட்டால், பிறகு ஒரு விமர்சகர் 'நையாண்டி' என்று எழுதும்போது எந்தக் காட்சியை வைத்துச் சொல்கிறார் என்று சரிபார்க்கலாம்.

மூன்றாவது தடவை கேட்கையில் அந்த நையாண்டி பெரும்பாலும் காணாமல் போய்விடும். மிஞ்சுவது சிந்தசைசரும் தாளமும், மெல்ல மெல்ல ஏறும் விறுவிறுப்பும், இசை சட்டென்று அடங்கிக் குரல் மட்டும் தனியே நிற்கும் அந்த இடமும்தான். கொரிய மொழி தெரியாத ஒருவருக்கு இது கொண்டாட்டப் பாட்டு, அவ்வளவே. இந்த வித்தியாசத்தை நோட்டில் எழுதுங்கள். பின்னால் வரும் பாதிக் குழப்பத்தை இது தீர்க்கும்.

3. பாட்டு வரிகளில் சிக்கலான நாலைந்து சொற்களை மட்டும் பிடியுங்கள்

முழு மொழிபெயர்ப்பு வேண்டாம். விமர்சகர்கள் எந்தச் சொற்களில் நின்று பேசுகிறார்களோ அவை போதும்.

'கங்னம்' என்றால் ஆற்றுக்குத் தெற்கு. தென்கொரியத் தலைநகர் சோலில், ஹான் ஆற்றின் தென்கரையில் இருக்கும் செல்வப் பகுதி. இது எல்லோருக்கும் தெரியும். தடுக்கி விழுவது 'ஓப்பா'வில்.

ஓப்பா என்பது ஒரு பெண் தன் அண்ணனைக் கூப்பிடும் சொல். தன்னைவிட மூத்த காதலனையும் அப்படித்தான் கூப்பிடுவாள். பாட்டில் சை தன்னையே ஓப்பா என்று சொல்லிக்கொள்கிறார். எனக்கு வந்த ஒரு வரைவில் "அண்ணன் கங்னம் பாணிக்காரன்" என்று இருந்தது. அகராதிப்படி சரி, ஆனால் சரசம் போய்விட்டது. நம்மூரில் ஒருவன் பெண்ணிடம் மீசையை முறுக்கிக்கொண்டு "மாமன் வந்திருக்கேன்" என்பானே, அந்தத் தொனிக்குப் பக்கத்தில் வருவது இது. இந்த வெட்டிப் பெருமை புரியாவிட்டால் 'போலிப் பந்தாவைக் கிண்டல் செய்கிறார்' என்ற விமர்சனமும் புரியாது.

இன்னொரு சொல் காபி. ஒரு கோப்பைக் காபியை நிதானமாக ரசிக்கத் தெரிந்த பெண்ணைப் பாட்டு வர்ணிக்கிறது. பிறகு, காபி ஆறும் முன்பே ஒரே மடக்கில் குடித்துவிடும் ஆணாகத் தன்னைச் சொல்லிக்கொள்கிறது. கொரியாவில் 2000களில் 'தொயன்ஜங்ன்யொ' என்றொரு வசைச்சொல் புழங்கியது. சாப்பாட்டில் மிச்சம்பிடித்து விலை உயர்ந்த காபிக்கும் கைப்பைக்கும் செலவழிக்கும் இளம்பெண் என்று அதற்கு அர்த்தம். காபி வரியைப் பிடித்துக்கொண்டு வர்க்கம், கடன், பகட்டு என்று போகும் விமர்சனங்கள் இந்தப் பின்னணியிலிருந்து வருகின்றன. அந்தச் சொல் பெண்களை மட்டும் குறிவைத்தது என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

4. கிடைப்பதை எல்லாம் முதலில் குவியல் பிரியுங்கள்

தேடத் தொடங்கினால் மூட்டை மூட்டையாக வரும். அவற்றில் பெரும்பகுதி விமர்சனமே இல்லை. படிக்கும் முன்பே பிரித்தால்தான் மூச்சுவிட முடியும்.

ஒரு குவியல் எண்ணிக்கை. 2012 டிசம்பர் 21 அன்று யூடியூபில் நூறு கோடிப் பார்வையைத் தொட்ட முதல் வீடியோ இது. அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் ஏழு வாரம் இரண்டாம் இடத்தில் நின்றது. இரண்டும் உண்மை, இரண்டும் பெரிய செய்தி. ஆனால் இரண்டும் விமர்சனம் இல்லை. பட்டியல் இடத்தைச் சொல்லும்போது கூடவே இன்னொன்றையும் சொல்லுங்கள்: பில்போர்டு யூடியூப் பார்வைகளை அந்தக் கணக்கில் சேர்க்கத் தொடங்கியது 2013 பிப்ரவரியில்தான். அதைச் சொல்லாமல் 'இரண்டாம் இடம்தான்' என்று எழுதினால் வாசகரை ஏமாற்றுகிறோம்.

அடுத்தது பிரபலங்களின் பாராட்டும் நகல் வீடியோக்களும். அமெரிக்கப் பாடகர் டி-பெயின் ட்வீட் போட்டார், சீனக் கலைஞர் ஐ வெய்வெய் கைவிலங்கோடு ஆடி ஒரு நகல் எடுத்தார். சுவையான செய்திகள்தான். 'பரவிய விதம்' என்று தனிப் பகுதி வைத்தால் அங்கே போகட்டும்.

விருதுகளைக் கையாளக் கொஞ்சம் கவனம் வேண்டும். எல்லா விருதும் ஒரே ரகமில்லை. கொரிய இசை விருதுகள் விற்பனையைப் பார்ப்பதில்லை. விமர்சகர்களும் இசைப் பத்திரிகையாளர்களும் அடங்கிய குழு தேர்ந்தெடுக்கிறது. 2013இல் அவர்கள் 'கங்னம் ஸ்டைல்' பாட்டை ஆண்டின் சிறந்த பாட்டாகத் தேர்ந்தெடுத்தார்கள். இதை விமர்சன வரவேற்பில் தாராளமாகச் சேர்க்கலாம். அதே பாட்டுக்கு 2012இல் எம்நெட் தொலைக்காட்சியின் 'மாமா' (MAMA) இசை விருது விழாவில் கிடைத்த ஆண்டின் சிறந்த பாடல் விருது வேறு சங்கதி, அங்கே விற்பனையும் கணக்கில் வரும். வாராந்திரத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் 'முதலிடம் வென்றது' என்பதும் இதே ரகம், விமர்சனப் பகுதிக்கு உதவாது.

அதிகாரிகளின் தடையும் விமர்சனம் ஆகாது. சையின் அடுத்த பாட்டான 'ஜென்டில்மேன்' வீடியோவை 2013 ஏப்ரலில் கேபிஎஸ் என்ற கொரியத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்ப மறுத்தது. காரணம், அவர் சாலையில் இருந்த ஒரு போக்குவரத்துக் கூம்பைக் காலால் உதைத்தது, அதாவது பொதுச்சொத்துக்குச் சேதம்! இதைப் 'பலத்த விமர்சனத்துக்கு உள்ளானது' என்று எழுதியவரைப் பார்த்திருக்கிறேன். ஒரு நிலையத்தின் தணிக்கைக் குழு எடுத்த முடிவு அது, அப்படியே எழுத வேண்டும்.

பாடகர் மேல் எழுந்த சர்ச்சையும் தனி. சை பல ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கப் படைகளுக்கு எதிராகப் பாடிய வரிகள் 2012 டிசம்பரில் கிளறப்பட்டன, அவர் மன்னிப்புக் கேட்டார். அதற்கும் இந்தப் பாட்டின் தரத்துக்கும் சம்பந்தமில்லை.

5. கொரிய விமர்சனத்திலிருந்து தொடங்குங்கள்

எல்லோரும் ஆங்கிலத்திலிருந்துதான் தொடங்குவார்கள், சுலபம் என்பதால். விளைவு, அமெரிக்கர்கள் கண்டுபிடித்த பிறகுதான் பாட்டுக்கே உயிர் வந்தது போன்ற கட்டுரை.

பாட்டு ஜூலை நடுவில் வந்தது. ஆங்கிலப் பத்திரிகைகள் மும்முரமானது ஆகஸ்டில். அந்த இடைவெளியில் கொரியர்கள் எழுதியது எந்த உலகப் புகழின் நிழலும் விழாத எழுத்து. அவர்களுக்கு சை புதியவர் அல்ல. 2001இலேயே 'யொப்கி' பாடகர், அதாவது கோமாளித்தனமும் விபரீதமும் கலந்தவர், என்று பெயர் வாங்கியவர். அவர்கள் இந்தப் பாட்டை அவருடைய பழைய பாட்டுகளோடு ஒப்பிடுவார்கள். வெளிநாட்டு விமர்சகர் எல்எம்எஃப்ஏஓ என்ற அமெரிக்கக் குழுவோடும், 1990களில் உலகம் முழுக்க ஆடிய 'மகரேனா' பாட்டோடும் ஒப்பிடுவார். ஒரே பாட்டு, இரண்டு அளவுகோல். வரிசை மாறினால் இந்த வேறுபாடு கண்ணில் படாது.

தேடும்போது பாட்டின் பெயரோடு 'ப்யொங்', அதாவது மதிப்பீடு, என்ற சொல்லையும், வீடியோவுக்கு 'ம்யூபி' என்ற சுருக்கத்தையும் ஹங்குலில் சேர்த்துத் தட்டுங்கள். நேவரின் தேடுபொறியில் தேதி வரம்பு வைக்கும் வசதி உண்டு. வெளியான நாளிலிருந்து முதல் ஒரு மாதத்தை முதலில் பாருங்கள். இஜம், வெய்வ் போன்ற கொரிய இசை இணைய இதழ்களில் பெயர் போட்டு எழுதும் விமர்சகர்கள் கிடைப்பார்கள். ஐடால் குழுக்களுக்கென்றே, அதாவது நிறுவனங்கள் பயிற்சி தந்து உருவாக்கும் பாட்டு-நடனக் குழுக்களுக்கென்றே, இருக்கும் ஐடாலஜி இதழ் 2014இல் தொடங்கியது, அதற்கு முந்தைய பாட்டுக்கு அங்கே உடனடி விமர்சனம் தேடி நேரம் வீணாக்காதீர்கள்.

ஆங்கிலத்தில் 'தி சிங்கிள்ஸ் ஜூக்பாக்ஸ்' என்ற இணையதளம் பயனுள்ளது. ஒரே பாட்டைப் பல எழுத்தாளர்கள் தனித்தனியாகப் பேசி, ஆளுக்கொரு மதிப்பெண் போடுவார்கள். சராசரியை மட்டும் எடுத்துவிட்டு ஓடாதீர்கள். மூன்று போட்டவரும் ஒன்பது போட்டவரும் எதில் முரண்படுகிறார்கள் என்பதில்தான் சரக்கு இருக்கிறது.

6. ஒவ்வொரு கருத்தும் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள்.

முதல் பொறி, பாட்டை வெளியிடும் நிறுவனத்தின் செய்திக்குறிப்பு. கொரியாவில் இதை 'போடோ ஜார்யோ' என்பார்கள். பாட்டு வெளியாகும் நாளில் நிறுவனம் அனுப்பும் குறிப்பைப் பல செய்தித் தளங்கள் ஏறக்குறைய அப்படியே போடும். "முன் எப்போதும் இல்லாத கவர்ச்சி", "அடிமையாக்கும் மெட்டு" போன்ற வரிகள் அதில்தான் பிறக்கின்றன. நான் எழுதிய முதல் கட்டுரையில் ஐந்து இதழ்களின் பாராட்டு என்று பெருமையாகப் போட்டேன். கொரிய மொழி தெரிந்த தோழி ஒருத்தி ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். ஐந்திலும் ஒரே பெயரடை, ஒரே வரிசை, ஒரே புகைப்படம். அன்று முழுப் பகுதியையும் அழிக்க வேண்டியதாயிற்று. இப்போது நான் வைத்திருக்கும் சோதனை எளிது: எழுதியவர் தன் காதால் கேட்டதற்கு அடையாளமாக ஒரு குறையாவது, ஓர் ஒப்பீடாவது, ஒரு குறிப்பிட்ட இடமாவது இருக்கிறதா? இல்லையென்றால் தள்ளிவிடுவேன்.

இரண்டாவது பொறி இன்னும் நைசானது. 2012 ஆகஸ்டில் 'தி அட்லாண்டிக்' என்ற அமெரிக்க இதழில் மேக்ஸ் ஃபிஷர் ஒரு கட்டுரை எழுதினார். இந்த வீடியோ வெறும் வேடிக்கை அல்ல, கங்னம் பகட்டைக் குத்திக்காட்டும் நையாண்டி என்பது அதன் சாரம். கொரியப் பின்னணி தெரிந்தவர்களின் விளக்கங்களை மேற்கோள் காட்டி, காபி வரியையும் அதில் விரித்திருந்தார். அதற்குப் பிறகு வந்த ஏராளமான கட்டுரைகளில் இதே வாதம், சில சமயம் இதே எடுத்துக்காட்டுகளோடு, திரும்பத் திரும்ப வந்தது. புதியவர் அவற்றில் பத்தைப் படித்துவிட்டு "பெரும்பாலான விமர்சகர்கள் இதைச் சமூக நையாண்டியாகக் கண்டனர்" என்று எழுதுவார். உண்மையில் அவர் படித்தது ஒருவரை, பத்து தடவை.

ஏழாவது கட்டம் இதற்குத்தான். ஒவ்வொரு வரிக்கும் நேராக 'சொந்தக் கருத்து' அல்லது 'இன்னாரிடமிருந்து' என்று எழுதுங்கள். கிளைகளை எண்ணாமல் வேரை எண்ணுங்கள்.

பாடகரே பேட்டியில் தந்த விளக்கத்தையும் இங்கேயே வடிகட்டுங்கள். அது நோக்கம். நோக்கம் நிறைவேறியதா என்று வெளியாள் சொல்வதுதான் விமர்சனம்.

7. மொழிபெயர்க்கும்போது மூன்று இடங்களில் நில்லுங்கள்

ஒன்று, 'பி-கிப்', அதாவது பி தரம். இந்த வீடியோவைப் பற்றிய கொரிய எழுத்துகளில் இந்தச் சொல் அடிக்கடி வரும். செயலி 'இரண்டாம் தரம்' என்று தரும், உடனே நாம் திட்டுவதாக நினைப்போம். கொரியர்கள் 'பி தர உணர்வு' என்பது வேண்டுமென்றே மட்டரகமாக, பளபளப்பு இல்லாமல் செய்யும் ஒரு பாணி. அதைக் கச்சிதமாகச் செய்திருக்கிறார் என்பது பாராட்டு. நம் சினிமாப் பேச்சில் 'லோக்கல்' என்ற சொல் வசையாகவும் வரும், பெருமையாகவும் வரும் அல்லவா, அது மாதிரி. முன்னும் பின்னும் நாலு வரி படிக்காமல் முடிவு கட்டக் கூடாது.

இரண்டு, 'சுங்தொக்சொங்'. நேர்ப்பொருள் அடிமைப்படுத்தும் தன்மை. பாப் விமர்சனத்தில் 'திரும்பத் திரும்ப முணுமுணுக்க வைக்கிறது' என்று எழுதினால் போதும்.

மூன்று, எழுவாய். கொரிய வாக்கியத்தில் எழுவாயை விட்டுவிடுவது சகஜம், தமிழில் நாம் விடுவதைப் போலவே. செயலி அந்த இடத்தில் 'அவர்' என்று தன் இஷ்டத்துக்கு நிரப்பும். 'சலிப்பூட்டுகிறது' என்று இருந்தால், சலிப்பூட்டுவது பாட்டா, ஆல்பமா, முந்தைய பாட்டா என்று பத்தியின் தொடக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் அந்த வாக்கியத்தைப் பயன்படுத்தாதீர்கள்.

8. பாட்டுக்கு ஒரு பத்தி, வீடியோவுக்கு ஒரு பத்தி

கே-பாப்பில் இரண்டையும் தனித்தனி ஆட்கள் செய்கிறார்கள். 'கங்னம் ஸ்டைல்' இசை சையும் யூ கொன்-ஹ்யொங்கும் அமைத்தது. வீடியோ இயக்குநர் சோ சூ-ஹ்யொன். வீடியோவுக்கான பாராட்டை இசையமைப்பாளர் கணக்கில் வரவு வைப்பது முறையில்லை.

நோட்டின் நாலாவது கட்டத்தைப் பாருங்கள். நையாண்டி என்ற பேச்சு பெரும்பாலும் வீடியோவை ஒட்டி வந்திருக்கும். மெட்டு, தாளம், வழக்கமான நடனவிடுதிப் பாட்டுதானே என்ற குறை இவையெல்லாம் பாட்டை ஒட்டி. வீடியோவை மெச்சிய ஒருவரே பாட்டைச் சாதாரணம் என்றிருக்கலாம். அவரை இரண்டு பத்தியிலும் கொண்டுவரலாம், தப்பில்லை.

9. ஆள் வரிசையை விட்டுவிட்டு வாத வரிசையில் அடுக்குங்கள்

"அவர் இப்படிச் சொன்னார். இவர் அப்படிச் சொன்னார். மற்றொருவர் வேறுவிதமாகச் சொன்னார்." இப்படிப் பன்னிரண்டு வாக்கியம் எழுதியிருந்தால் அது பஞ்சாயத்துச் சாட்சிப் பட்டியல். வாசகர் மூன்றாவது ஆளிலேயே எழுந்து போய்விடுவார்.

ஐந்தாவது கட்டத்தில் எழுதிய வாதங்களை மட்டும் படித்துக்கொண்டே வாருங்கள். ஒன்றுபோல இருப்பவற்றுக்கு ஒரே நிறம் தீட்டுங்கள். இந்தப் பாட்டுக்கு எனக்கு மூன்று நிறம் வந்தது: வர்க்கப் பகட்டின் மேலான நையாண்டி, நையாண்டி புரியாவிட்டாலும் வேலை செய்யும் உடல்மொழி நகைச்சுவை, அப்புறம் அந்த நகைச்சுவையைச் சந்தேகிப்பவர்கள். மூன்றாவதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அமெரிக்காவில் வாழும் ஆசிய வம்சாவளி எழுத்தாளர்கள் சிலர் ஒரு கேள்வி கேட்டார்கள்: பார்வையாளர்கள் அவரோடு சேர்ந்து சிரிக்கிறார்களா, ஆசிய ஆண் என்றால் கோமாளிதான் என்ற பழைய அச்சில் வைத்து அவரைப் பார்த்தே சிரிக்கிறார்களா? பாட்டுக்கு வந்த எதிர்வினைகளில் கனமானது இதுதான் என்பது என் கணிப்பு. கொண்டாட்டக் கட்டுரைகளில் அதற்கு அரை வரி கூடக் கிடைப்பதில்லை.

ஒவ்வொரு நிறத்துக்குள்ளும் தேதி வரிசை. வெளியான மாதத்தில் எழுதியதையும் பத்தாண்டு கழித்து நினைவுகூர்ந்து எழுதியதையும் ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். 2022இல் எழுதியவருக்கு இடையில் கே-பாப் எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரியும், 2012 ஜூலையில் எழுதியவருக்குத் தெரியாது. பின்னாளில் வந்தவற்றைக் கடைசியில் தனியாக வையுங்கள்.

10. விமர்சகர்கள் பிளவுபட்டிருந்தால் சராசரி எடுக்காதீர்கள்

இதற்கு 'கங்னம் ஸ்டைல்' போதாது. கேர்ள்ஸ் ஜெனரேஷன் என்ற கொரியப் பெண்கள் குழு 2013 ஜனவரி 1 அன்று வெளியிட்ட 'ஐ காட் எ பாய்' பாட்டை எடுத்துக்கொள்வோம். ஒரே பாட்டுக்குள் பல துண்டுகள், வேகம் அடியோடு மாறும், நடுவில் "140க்குத் திரும்புவோம்" என்று பாடுகிறவர்களே தாளக் கணக்கைச் சொல்லிவிட்டு வேகத்தை ஏற்றுவார்கள். சிலருக்கு இது துணிச்சல். சிலருக்கு நாலு பாட்டை வெட்டி ஒட்டிய குழப்பம்.

இதைக் 'கலவையான விமர்சனங்களைப் பெற்றது' என்று எழுதினால், எல்லோரும் சுமார் என்று சொன்னதாக வாசகர் நினைப்பார். நடந்தது நேர் எதிர். பிரிந்தவர்கள் எந்த இடத்தில் பிரிந்தார்கள் என்று எழுதுங்கள்: "திடீர்த் திருப்பங்களைச் சிலர் பாட்டின் பலமாகவும் சிலர் அதன் பலவீனமாகவும் கண்டார்கள்." இரு தரப்பும் ஒரே அம்சத்தைத்தான் பேசுகிறார்கள் என்பது ஒரு வரியில் தெரிந்துவிடும்.

இதே பாட்டில் இன்னும் இரண்டு குழிகள். ஆல்பத்துக்கும் இதே பெயர், எனவே முதல் படிக்கு மறுபடி போய்ச் சரிபாருங்கள். 2013 நவம்பரில் முதல் யூடியூப் இசை விருதுகளில் ஜஸ்டின் பீபர், லேடி காகா, ஒன் டைரக்‌ஷன் எல்லோரையும் தாண்டி இந்த வீடியோ ஆண்டின் சிறந்த வீடியோ ஆனது. ரசிகர்கள் பகிர்ந்ததை வைத்துத் தீர்மானித்த விருது அது. ரசிகர் படையின் பலத்துக்கு அது சான்று. விமர்சகர்களின் பிளவை அது தீர்த்துவைக்கவில்லை.

11. இப்போது எழுதுங்கள், முதல் வரியைக் கடைசியில்

பகுதியின் முதல் வாக்கியம் மொத்தத்தையும் சொல்ல வேண்டியது. அதனால் மற்றதை எழுதி முடிக்கும்வரை அந்த இடம் காலியாக இருக்கட்டும். முதலிலேயே எழுதினால், அதை நிரூபிக்கத் தோதான மேற்கோள்களை மட்டும் பொறுக்குவோம்.

வினைச்சொற்களில் கஞ்சத்தனம் காட்டுங்கள். 'சிலாகித்தார்', 'சாடினார்', 'வியந்தார்' என்பவை அவர் மனநிலையை நாம் ஊகிப்பவை. 'எழுதினார்', 'குறிப்பிட்டார்', 'ஒப்பிட்டார்' போதும். சினிமா விமர்சனத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் 'பட்டையைக் கிளப்பியது', 'வேற லெவல்' இரண்டையும் வாசலிலேயே நிறுத்துங்கள்.

என்னிடம் வந்த ஒரு வரைவு இப்படி இருந்தது: "வித்தியாசமான காட்சிகளும் துள்ளலான இசையும் கொண்ட இப்பாடல் விமர்சகர்களின் ஏகோபித்த பாராட்டைப் பெற்று உலகையே ஆட வைத்தது." இதில் பாட்டும் வீடியோவும் கலந்திருக்கின்றன, விமர்சகர் ஒருவர்கூட இல்லை, கடைசிப் பாதி எண்ணிக்கைக் குவியலைச் சேர்ந்தது. நோட்டை வைத்துக்கொண்டு அதை இப்படி மாற்றினோம்: "வீடியோவை கங்னம் பகட்டின் மேலான நையாண்டியாக வாசித்த கட்டுரைகளில் 2012 ஆகஸ்டில் 'தி அட்லாண்டிக்' வெளியிட்டது பரவலாக எடுத்தாளப்பட்டது; பாட்டின் இசையைப் பற்றிய பேச்சு அதைவிடக் குறைவாகவே இருந்தது." நீளம் கூடியது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு துண்டையும் சரிபார்க்கலாம்.

மேற்கோளை நேராகத் தருவதானால் ஒரு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். மொழிபெயர்ப்பு உங்களுடையது என்றால் மேற்கோள் குறி போடாமல் சாரமாகச் சொல்வதே பாதுகாப்பு.

12. வெளியிடும் முன் ஒரு சோதனை

கட்டுரையை ஒரு நாள் ஆறப்போடுங்கள். மறுநாள் எடுத்து 'விமர்சகர்கள்' என்று பன்மையில் வரும் ஒவ்வோர் இடத்தையும் வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் நோட்டிலிருந்து ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு பேரைக் காட்ட முடிகிறதா? முடியாத இடத்தில் பன்மையை அடித்துவிட்டு அந்த ஒருவரின் பெயரைப் போடுங்கள்.

அப்புறம் பாட்டைப் பிடிக்காத நண்பர் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். ரசிகரிடம் கொடுத்தால் நடனத்தைப் பற்றி இன்னும் இரண்டு வரி சேர்க்கச் சொல்வார்.